விசையை அழுத்தினேன், சத்தம் வரவில்லை!
மிடி சமிக்ஞையைப் பின்தொடர ஓர் எளிய வழி

தொடக்க வகுப்புகளில் பாடல் இல்லாத நாள் இல்லை. பாடலுக்குச் சொந்தமாக மெட்டமைத்து, வீட்டுக் கணினியிலேயே பதிவு செய்து, வகுப்புக்குக் கொண்டுபோகும் ஆசிரியர்கள் இன்று பலர் இருக்கிறோம். ஒரு சிறிய கீபோர்டு, ஒரு கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவு மென்பொருள் ஆகியவை இருந்தால் போதும். ஆனால், நம்மில் பலருடைய முயற்சி ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறது. கீபோர்டை இணைத்து விசையை அழுத்தினால் சத்தம் வருவதில்லை. அரைநாள் போராடிவிட்டு, 'கீபோர்டு பழுது' என்று முடிவு கட்டி மூடி வைத்துவிடுகிறோம்.

என் அனுபவத்தில், இப்படி ஒதுக்கப்பட்டவற்றில் பல உண்மையில் பழுதானவை அல்ல. சமிக்ஞை எங்கோ ஓரிடத்தில் நின்றிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் சரிசெய்வது பெரும்பாலும் ஒரு நிமிட வேலைதான்.

மிடி என்பது ஒலி அல்ல

கீபோர்டிலிருந்து மிடி வழியாகக் கணினிக்குப் போவது ஒலி அல்ல, எண்கள். 'இந்த விசை அழுத்தப்பட்டது, இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டுமே போகிறது. அதைப் படித்து ஒலியாக மாற்றுவது கணினியில் உள்ள மென்பொருள் வாத்தியம்.

1983ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், இரு வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளை முதன்முதலாக இம்முறையில் இணைத்துக் காட்டினார்கள். இதற்கு வழிவகுத்த டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அடிப்படைச் செய்தி வடிவம் மாறவில்லை.

ஒரு விசையை அழுத்தினால் மூன்று எண்கள் போகும். எடுத்துக்காட்டாக: 144, 60, 90.

144 என்றால் 'முதல் சேனலில் ஒரு சுரம் தொடங்குகிறது' என்று பொருள். 60 என்பது கீபோர்டின் நடுப்பகுதியில் உள்ள 'மிடில் சி' விசை. 90 என்பது அழுத்திய வேகம். விசை எண்ணும் வேகமும் 0 முதல் 127 வரை இருக்கும். சேனல்கள் மொத்தம் 16. ஆகவே 144 முதல் 159 வரை எந்த எண் வந்தாலும் அது சுரத்தின் தொடக்கமே. 145 வந்தால் இரண்டாம் சேனல், 146 வந்தால் மூன்றாம் சேனல்.

எண்களைக் கண்ணால் பார்ப்பது

இந்த எண்களைத் திரையில் காட்டும் சிறு மென்பொருள்கள் உண்டு. விண்டோஸில் மிடி-ஆக்ஸ், ஆப்பிள் கணினியில் மிடி மானிட்டர், லினக்ஸில் கேமிடிமான் ஆகியவை அத்தகையவை. இவற்றைத் திறந்து, உள்ளீடாக உங்கள் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு விசையை அழுத்துங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். விண்டோஸின் பழைய பதிப்புகளில் பல கீபோர்டுகளை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பயன்படுத்த முடியும். எனவே, ஒலிப்பதிவு மென்பொருளை மூடிவிட்டுக் கண்காணிப்பு மென்பொருளைத் திறக்க வேண்டும். சோதித்து முடித்ததும் இதை மூடிவிட்டு அதைத் திறக்க வேண்டும்.

திரையில் எண் வருகிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்வி சிக்கலை இரண்டாகப் பிரித்துவிடும். வரவில்லை என்றால் கோளாறு கீபோர்டுக்கும் கணினிக்கும் இடையில். வந்தால் கோளாறு கணினிக்குள். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

எண் வரவில்லை என்றால்

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில யூஎஸ்பி கேபிள்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், தகவலைக் கடத்தாது. கீபோர்டில் விளக்கு எரியும், செய்தி போகாது. விளக்கு எரிவதைக் கண்டு கேபிள் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம்.

ஐந்து முள் கொண்ட பழைய வகைக் கேபிள் என்றால், கீபோர்டின் 'அவுட்' கணினிப் பக்கத்து 'இன்'னோடு சேர வேண்டும். கேபிளில் எழுதியிருப்பது சில நேரம் குழப்பும். மாற்றிச் செருகிப் பார்ப்பதால் கெடுதல் இல்லை.

எண் வருகிறது, சத்தம் இல்லை என்றால்

சேனலைப் பாருங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர், முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கணினியில் வேலை செய்யவில்லை என்று அதை அலமாரியில் வைத்துவிட்டார்களாம். விசையை அழுத்தியதும் திரையில் 145 வந்தது. கீபோர்டு இரண்டாம் சேனலில் அனுப்ப, மென்பொருள் முதல் சேனலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. 'எல்லாச் சேனல்களும்' என்று மாற்றியதும் சத்தம் வந்தது. அந்தக் கீபோர்டு இப்போது அவருடைய வகுப்பறையில் இருக்கிறது.

சேனல் சரியாக இருந்தால் வரிசையாகப் பாருங்கள்: பதிவு மென்பொருளில் கீபோர்டு உள்ளீடாகத் தேர்வாகியிருக்கிறதா, அந்த டிராக்கில் பதிவுப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா, மென்பொருள் வாத்தியம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, ஒலி சரியான ஸ்பீக்கருக்குப் போகிறதா.

சத்தம் நிற்கவே இல்லை என்றால்

விசையை விட்டதும் 128 முதல் 143 வரையுள்ள ஓர் எண் வர வேண்டும். சில கீபோர்டுகள் அதற்குப் பதிலாக 144ஐயே அனுப்பி, வேகத்தை 0 எனக் குறிக்கும். அதுவும் நிறுத்தச் செய்திதான். இரண்டும் வராவிட்டால் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். மென்பொருளில் உள்ள 'பேனிக்' பொத்தான் அப்போதைக்கு எல்லாவற்றையும் நிறுத்தும்.

நிறுத்தச் செய்தி வந்தும் ஒலி நீண்டால் கால் மிதியைச் சந்தேகியுங்கள். 176, 64 என்று தொடங்குவது முதல் சேனலில் மிதியின் செய்தி. மூன்றாவது எண் 64 அல்லது அதற்கு மேல் இருந்தால் மிதி அழுத்தப்பட்டதாகப் பொருள். காலை எடுத்தபின் 127 வந்தால் மிதி தலைகீழாக வேலை செய்கிறது. கீபோர்டை அணைத்து, மிதியைச் செருகி, காலை வைக்காமல் மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

சத்தம் தாமதமாக வந்தால்

பழைய வகைக் கேபிளில் மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். மூன்று எண்கள் போக ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரமே ஆகும். ஆகவே தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் கணினியின் ஒலி அமைப்பில் உள்ள 'பஃபர்'தான். 44,100 மாதிரி வீதத்தில் பஃபர் 2,048 என்றால் அதனால் மட்டும் ஏறக்குறைய 46 மில்லிநொடி தாமதம். 256 ஆகக் குறைத்தால் 6 மில்லிநொடிக்குள் வந்துவிடும். மிகவும் குறைத்தால் ஒலி வெடித்து வெடித்து வரும். புளூடூத் ஸ்பீக்கரும் தாமதத்தைக் கூட்டும். வாசித்துப் பதியும்போது கம்பியுள்ள ஹெட்போனே நல்லது.

வகுப்பறையில் இதே எண்கள்

கண்காணிப்பு மென்பொருளை மாணவர்களுக்கும் காட்டலாம். 60ஐ 'ச' என வைத்துச் சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளையை வாசித்தால் 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என்று வரும். சங்கராபரணத்துக்கு 60, 62, 64, 65, 67, 69, 71, 72. இரண்டையும் எழுதிப் போட்டு, எந்தெந்த எண்கள் மாறின என்று கேளுங்கள். மேல் 'ச' எப்போதும் 12 கூடுதலாக வருவதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். ராகங்களின் வேறுபாடு எண் தொடராகக் கண்முன் நிற்கும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளி அலமாரியில் 'வேலை செய்யவில்லை' என்று ஒட்டிய கீபோர்டு இருந்தால், கழிவில் சேர்க்கும் முன் கணினியோடு இணைத்து ஒரு விசையை அழுத்திப் பாருங்கள். திரையில் மூன்று எண்கள் வந்தால் அது இன்னும் பாடக் காத்திருக்கிறது.