எல்லையூரில் ஏரியும் தோட்டமும் அடுக்களையும்

பிற மாநிலத் தமிழர் என்றவுடன், பிழைப்பை நாடி ஊரைவிட்டுச் சென்றவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். இருந்த இடத்திலிருந்து ஓரடியும் பெயராமலே பிற மாநிலத்தவர் ஆனோரும் உண்டு. சத்தியவேட்டுத் தமிழர் அத்தகையோர். செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அப்பகுதி, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்தது. அதே நாளில் திருத்தணி அங்கிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் முதல் சத்தியவேடு திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அலுவலகத்தின் மொழி மாறிற்று. ஏரியும் அவரைப் பந்தலும் அடுப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்நாட்டு ஏரிகள் நிறைகின்றன. நிறைந்த ஏரி கலிங்கின் வழியே வழிந்தோடும்போது, மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுகின்றன. வாய்க்கால்களிலும் வயல்களிலும் புகுந்து முட்டையிடுகின்றன. மடையில் பறியை வைத்துவிட்டுக் காத்திருப்போருக்கு அதுவே நற்காலம். ஏரி மீனுக்குக் குத்தகை உண்டு. வயலில் ஏறிவந்த நான்கு கெண்டைக்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை!

கோடையில் நீர் சுருங்கியபின் விராலின் காலம். நீரினின்று மேலெழுந்து காற்றைச் சுவாசிக்க வல்லது அம்மீன். ஆதலால் பிற மீன்கள் மாண்டொழியும் சேற்றிலும் உயிரோடிருக்கிறது. அதன் குஞ்சுகளைத் தாயும் தந்தையும் உடனிருந்து காக்கின்றன. தெலுங்கர் இதனைக் கொர்ரமீனு என்பர். கெளுத்திக்கு ஜெல்ல என்று பெயர். ஏரி செருவாகிறது, மதகு தூமு ஆகிறது. இத்தூமு நம் பழைய தூம்பின் உறவுச் சொல்லே.

புதியவர்களும் ஏரிக்கு வந்துள்ளனர். ஜிலேபிக் கெண்டை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டு மீன். கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியில் பெயர்பெற்றவை. ஓடும் ஆற்றிலன்றித் தேங்கிய நீரில் அவை தாமாக இனம் பெருக்குவதில்லை. 1957இல் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர், பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசிவழி செலுத்தி, கெண்டை இன மீன்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அதன்பின்னரே இவற்றின் குஞ்சுகளைப் பெருமளவில் வளர்த்து ஏரிகளில் விடுதல் இயல்வதாயிற்று.

புழக்கடைத் தோட்டத்துக்குத் தனிப் பாசனம் கிடையாது. அரிசி களைந்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாழையடிக்கும் கறிவேப்பிலைக்கும் செல்கின்றன. அடுப்புச் சாம்பல் பாத்திக்கு உரமாகிறது. இலையில் பூச்சி விழுந்தால் அதன்மேல் தூவவும் உதவுகிறது. மீன் கழுவிய நீரும் செதிலும் வாழைக்கே. புடலங்காய் நேராக நீள வேண்டுமென்று நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுகின்றனர். அவரை அங்கே சிக்குடு, தண்டுக்கீரை தோட்டகூர. தோட்டத்துக் கீரை என்பதே அச்சொல்லின் பொருள். நமக்கு அகராதி வேண்டுவதில்லை.

இவ்வளவையும் இணைப்பது பெண்களின் உழைப்பு. வாசல் தெளித்தல், கோலமிடுதல், நீர் சுமத்தல், விறகு சேர்த்தல், மீனைச் சாம்பலிட்டுத் தேய்த்து அரிவாள்மனையில் நறுக்குதல் என அது விரிகிறது. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களை. சுளகு, அகப்பை, உறி, பறி ஆகிய சொற்கள் வீட்டில் நிலைத்திருப்பதும் பெரும்பாலும் அந்த 299 நிமிடங்களில்தான்.

2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டித் தொழில்நகரம் சத்தியவேட்டை அடுத்தே உள்ளது. அங்குள்ள தொழிற்சாலைகளுக்கு இளம்பெண்கள் பேருந்தேறிச் செல்கின்றனர். வேலை கிடைத்ததையும் சுமை குறைந்ததையும் குறித்து வருந்துதல் முறையன்று. ஆயினும் மீன் கழுவும் கல்லருகே தாய் சொல்லித் தந்த சொற்களை இனி யார் சொல்வது? வீட்டு ஆடவரும் அக்கல்லருகே அமர்ந்தால் பாதிச் சிக்கல் தீரும் என்பது நம் கருத்து. தில்லியிலும் பம்பாயிலும் அடுக்கு வீடுகளில் வாழும் நேயர்களுக்கும் இது பொருந்தும். மாடத்துத் தொட்டியில் ஓர் அவரைக்கொடி ஏற இடமுண்டு, சந்தையிலிருந்து வந்த மீனின் பெயரைக் குழந்தையிடம் தமிழில் சொல்லவும் நேரமுண்டு.

மார்கழியில் சத்தியவேட்டுத் தெருக்களில் கோலத்தின் நடுவே சாண உருண்டையும் அதன்மேல் பூசணிப்பூவும் இருக்கும். தெலுங்கு வீட்டில் கோலத்துக்கு முக்கு என்றும், அவ்வுருண்டைக்குக் கொப்பெம்ம என்றும் பெயர். வாசலைப் பார்த்து அது எம்மொழியினர் வீடு என்று கூறுதல் அரிது. பூவைப் பறித்துவரச் சொல்லி உள்ளிருந்து குரல் எழும்போதுதான் தெரியவரும்.