சம்பளம் 25 கோடியா? பைத்தான் பண்ற வேலை!

மாச பட்ஜெட் போட பைத்தான்ல சின்னதா ஒரு புரோகிராம் எழுதுறீங்க. சம்பளம் 25000, இன்சென்டிவ் 5000 என்று டைப் செய்தால், மொத்தம் 250005000 என்று காட்டுகிறது. 25 கோடி! அவசரப்பட்டு சந்தோஷப்படாதீங்க.

இன்புட்டில் வருவதையெல்லாம் பைத்தான் எழுத்தாகத்தான் பார்க்கும், கூட்டாமல் ஒட்டிவிடும். இன்ட் போட்டு எண்ணாக மாற்றினால் 30000 சரியாக வரும். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 1,250 என்று கமா இருந்தால் இன்ட்டும் எரர் காட்டும். முதல்ல ரீப்ளேஸ் போட்டு கமாவை எடுத்துடுங்க.

அப்படியும் வரலையா? தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. எரரின் கடைசி வரி, சிக்கல் வரும் நாலு வரி புரோகிராம், நீங்க எதிர்பார்த்த விடை, இந்த மூணும் போதும். நிஜ ஸ்டேட்மென்ட் வேண்டாம், சும்மா நாலு தொகை போட்டு அனுப்புங்க. புரோகிராம் தப்பானா திருத்திக்கலாம். வெளியே போன அக்கவுண்ட் நம்பரைத் திரும்ப வாங்க முடியாது.