பெயர் பெறுமுன் பிறந்த இசை

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது. இம்முறை இசைக்கும் ஒக்கும் என்பதற்கு மும்பையிற் பிறந்த இசைத்தட்டொன்று சான்றாகும்.

இந்தித் திரைப்படங்களுக்கு வாத்தியம் இசைத்துவந்த சரண்ஜித் சிங் என்பார், 1982 ஆம் ஆண்டில், யப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மின்னிசைக் கருவிகள் மூன்றினைக் கொண்டு, பத்து இராகங்களை டிஸ்கோத் தாளத்தில் அமைத்தார். அவற்றுள் பூபாலி என்பது நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். அரியாலைச் சித்திவிநாயகர் ஆலயத் திருவிழாவில் நாதசுரங் கேட்டுப் பழகிய செவிக்கு இவை அயலல்ல.

அக்கருவிகளுள் ஒன்றாகிய டீ.பி.-303, கித்தார் வாசிப்போர்க்குத் துணையாகத் தாழ்சுரம் ஒலிக்கச் செய்யப்பட்டது; விற்பனையில் தோல்வியுற்றது. ஆயினும் ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இயல்பு அதற்குண்டு. நம் சுரங்களும் தனித்து நில்லாது இழைந்து செல்வன. ஆதலின் இராகத்துக்கு அது இசைந்தது.

சிக்காகோவில் பியூச்சர் குழுவினர் அதே கருவியின் ஒலியைத் திரித்துச் செய்த ‘அசிட் டிராக்ஸ்’ 1987 இல் வெளிவந்தது. அவ்வகை இசை ‘அசிட் ஹவுஸ்’ எனப் பெயர் பெற்று, மறுவாண்டே பிரித்தானியாவெங்கும் பரவியது. மும்பைத் தட்டோ மறக்கப்பட்டு, 2010 இல் மறுபதிப்பான பின்னரே உலகின் செவிக்கு எட்டியது.

‘நாமே முதல்வர்’ என முரசறைவார் உளர். அது பொருந்தாது. சிங் புதுவகை படைக்க எண்ணினாரல்லர். சிக்காகோவார் அவரைக் கேட்டுக் கற்றாருமல்லர். ஒத்திருப்பன யாவும் ஒருவழிப் பிறந்தன அல்ல. அவரைப் போற்றவேண்டுவது முதன்மைக்காக அன்று. பழைய இராகத்தைப் புதிய பொறியிற் பேசவைத்த திறத்துக்காகவே. 2015 இல் மறையுமுன், ஐரோப்பிய அரங்குகளில் அவ்விராகங்களை அவர் மீண்டும் இசைத்தார் என்பது நமக்கு ஆறுதல்.