முடி வெட்டச் சொல்லித் தராத அழகுப் பள்ளி!
28 ஆயிரம் பேரின் கடன் ரத்து

அமெரிக்காவில் கொடி கட்டிப் பறந்தது மாரினெல்லோ அழகுக்கலைப் பள்ளி. கடன் வாங்கிச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். உள்ளே நடந்தது என்ன?

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வகுப்புக்கு வாத்தியாரே கிடையாது. முடி வெட்டக்கூட ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. அதுதானே முதல் பாடம்! லைசென்சு பரீட்சையில் பலர் திண்டாடினார்கள். லைசென்சு இல்லாவிட்டால் அங்கே தொழில் கிடையாது. கடன் மட்டும் தலையில் நின்றது.

செல்லாத ஸ்கூல் சர்டிபிகேட்டைக் காட்டி உதவிப்பணம் கேட்டதாகவும், மாணவர்களிடம் கூடுதல் நேரக் கட்டணம் கறந்ததாகவும் மத்திய கல்வித்துறை குற்றம் சாட்டியது. 2016 பிப்ரவரி 1-ந்தேதி கலிபோர்னியா, நெவாடாவில் 23 கிளைகளுக்கு உதவியை நிறுத்தியது. அதே வாரம் எல்லாக் கிளைக்கும் பூட்டு! படித்துக்கொண்டிருந்தவர்கள் நடுத்தெருவில்.

6 வருடம் கழித்து, 2022 ஏப்ரலில்தான் விடிவு. 2009 முதல் அங்கு படித்த 28 ஆயிரம் பேரின் 23 கோடியே 80 லட்சம் டாலர் கடனை ரத்து செய்ய அரசு உத்தரவிட்டது.