சுவரென்று தோன்றிய ஒளி

கண் மருத்துவப் பிரிவில் எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, ஆனால் அறையில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்கிறார். புத்தி பேதலித்துவிட்டதா?" விடைக்கு முன் ஒரு கலைஞரைப் பற்றிக் கூற விரும்புகிறோம்.

ஜேம்ஸ் டரல் 1943-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். கல்லூரியில் அவர் பயின்றது புலனுணர்வு உளவியல். வண்ணக் குழம்போ கல்லோ அல்ல, ஒளியே அவருடைய மூலப்பொருள். 'கான்ஸ்ஃபெல்ட்' என்னும் அவருடைய படைப்புவரிசையில், மூலைகள் வளைத்து மறைக்கப்பட்ட அறையொன்றைச் சீரான ஒளி நிறைத்திருக்கும். நுழைபவருக்குத் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பது விளங்காது. வண்ணப் பனிமூட்டத்துள் நிற்பதுபோல் இருக்கும்.

நமது பார்வை பெரிதும் விளிம்புகளை நம்பியது. ஒளியும் நிழலும் மாறும் இடங்களைக் கொண்டே மூளை தொலைவை அளக்கிறது. விளிம்பே இல்லாவிடில் அளவுகோல் போய்விடுகிறது. அத்தகைய ஒளியில் நெடுநேரம் இருந்தால் நிறமே வெளுத்துச் சாம்பலாகலாம். சிலருக்கு இல்லாத உருவங்களும் தோன்றும். 1980-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் டரலின் கண்காட்சி நடந்தபோது, ஒளிப்பரப்பைச் சுவரென்று நம்பிச் சாய்ந்த பார்வையாளர் விழுந்து காயமுற்றார்; வழக்கும் தொடரப்பட்டது.

வெளியிலிருந்து செய்தி குறையும்போது மூளை வாளாவிருப்பதில்லை. தானே காட்சிகளை அமைத்துக்கொள்கிறது. கண்புரை, கண் நீர் அழுத்த நோய், விழித்திரையின் மையத் தேய்வு ஆகியவற்றால் பார்வை இழந்த முதியோர் சிலருக்கு நேர்வதும் இதுவே. சுவிட்சர்லாந்து அறிஞர் சார்லஸ் போனே, பார்வை குன்றிய தம் பாட்டனார் கண்ட காட்சிகளை 1760-இல் பதிவுசெய்தார். இந்நிலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. இது மனநோய் அன்று. இக்காட்சிகளில் ஒலி இராது. அவை மெய்யல்ல என்பதைக் காண்பவர் பெரும்பாலும் அறிந்தேயிருப்பார்.

குரல்கள் கேட்டாலோ, குழப்பமோ காய்ச்சலோ உடனிருந்தாலோ, புதிய மருந்து தொடங்கியபின் காட்சிகள் வந்தாலோ காரணம் வேறாக இருக்கலாம். தாமதியாது மருத்துவரிடம் தெரிவியுங்கள். திடீரென ஒளிக்கீற்றுகள் மின்னினாலும், பார்வையின் ஓரத்தில் திரை விழுவதுபோல் இருந்தாலும் அன்றே வாருங்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. காட்சி தோன்றும்போது விளக்கைப் போடலாம்; கண்களை இருபுறமும் அசைத்துப் பார்க்கச் சொல்லலாம். வெள்ளைச் சுவரும் வெள்ளைத் தரையும் வெள்ளைப் பீங்கானும் கொண்ட குளியலறை, மங்கிய கண்ணுக்குச் சிறிய கான்ஸ்ஃபெல்ட்தான். கைப்பிடியும் படிகளின் விளிம்பும் அடர்நிற நாடா பெறட்டும். ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருப்பவருக்கும் தொலைவு பிடிபடாது, படியிறங்குகையில் கைகொடுங்கள்.

அப்பாவிடம் "அப்படியொன்றும் இல்லை" என்று வாதிட வேண்டா. எதைக் கண்டார், எந்நேரத்தில் கண்டார் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். வீட்டார் அஞ்சுவர் என்று கருதி இதனை மறைப்போர் பலர்.