பட்டம் பெறாத ஆராய்ச்சியாளர்

இன்றைய இடுக்கி மாவட்டத்துப் பீருமேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி, ஏலத்தோட்டங்கள் உடைய செல்வக் குடும்பத்தவர். அங்கு ஆண்மக்களுக்கு உத்தியோகம், பெண்மக்களுக்கு விவாகம் என்பதே வழக்கம். எட்டாம் பிறந்தநாளன்று வைரத்தோட்டை மறுத்துக் கலைக்களஞ்சியம் வேண்டினார். அவ்வாறு வேண்டுதற்கும் செல்வம் வேண்டுமன்றோ!

பெங்களூரில் சி.வி. இராமனிடம் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்து, தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் ஆய்வேட்டை அளித்தபோது, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையெனக் கூறிச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்தை மறுத்தது. பௌதிகம் பயில விழைந்தவருக்கு இலண்டனில் கிடைத்தது வானிலைக் கருவிப் பயிற்சியே. 1948-இல் பூனாவில் வானிலை இலாகாவில் சேர்ந்து, சுமார் நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவை இந்நாட்டிலேயே உற்பத்தியாக வழிகோலினார். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார்.

மறுக்கப்பெற்ற ஆய்வேடு, பட்டம் பெற்ற ஏனைய ஏடுகளைப் போன்றே கட்டடம் செய்யப்பெற்று, இராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் உள்ளது.