வாசல் அதே, கோலம் வேறு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியெல்லாம் கரிசலும் சீமைக்கருவேலமும்தான் துணைக்கு வரும். குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற நாளைவிட மணல் தெரிகிற நாளே அதிகம். கண்மாய் நிறைந்தால் அது ஊருக்கே சேதி. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து பழகிய இந்த வானம் பார்த்த பூமியில், விடியுமுன் வீட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர் வாசல் மண்ணில் தெளிக்கப்படுகிறது. அதன்மேல் மாவால் இழுத்த கோடுகள் மத்தியானத்துக்குள் கால்பட்டும் சைக்கிள் சக்கரம் ஏறியும் கலைந்துவிடும். மறுநாள் மறுபடியும் அதே வேலை. சம்பளமில்லை, பரிசில்லை, சேர்த்துவைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. வரவு செலவு பார்த்தால் இந்தப் பழக்கம் எப்போதோ மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. நல்ல பழக்கங்களை விளையாட்டாக்கி, சாகசமாக்கித் தருகிறோம் என்று கைபேசிச் செயலி விற்பவர்கள் இந்த வாசலில் கொஞ்ச நேரம் வந்து நிற்கலாம்.

அந்தச் செயலிகளின் சூத்திரம் எளிது. நடந்தால் புள்ளி, படித்தால் பதக்கம், ஒரு வாரம் விடாமல் செய்தால் திரையில் ஒரு தீச்சுடர், பிறகு அடுத்த கட்டம். இது பலிக்கிறதா என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். 2016இல் உலகமே தெருவில் இறங்கி விளையாடிய ‘போக்கிமான் கோ’வை எடுத்துக்கொள்வோம். கைபேசியைப் பிடித்துக்கொண்டு சந்துபொந்தெல்லாம் பூதம் தேடி அலையும் விளையாட்டு அது. சாகசம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளது. அந்த ஆண்டு டிசம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்ன’லில் வந்த ஆய்வின்படி, விளையாடத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 955 காலடிகள் கூடுதலாக நடந்தார். ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டார். 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு கூடுதல் கவனத்தோடு செய்யப்பட்டது. அமெரிக்காவில் உடல் எடை மிகுந்த 602 பேரைக் குழுக்களாகப் பிரித்து, 24 வாரங்கள் வெவ்வேறு விதமாக விளையாடி நடக்கவைத்தார்கள்; ஒரு குழுவுக்கு மட்டும் விளையாட்டு இல்லை. தங்களுக்குள் போட்டி போட்ட குழு, விளையாட்டே இல்லாத குழுவைவிட நாளுக்கு 920 காலடிகள் அதிகம் நடந்தது. விளையாட்டை நிறுத்திவிட்டு மேலும் 12 வாரங்கள் கவனித்தபோது அந்த வித்தியாசம் 569 ஆகச் சுருங்கியது. கூட்டாகச் சேர்ந்து விளையாடிய குழுவிலும், வீட்டாரோ நண்பரோ ஊக்கம் கொடுத்த குழுவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே மிஞ்சவில்லை. விளையாட்டு பலிக்கிறது, விளையாட்டு இருக்கும்வரை.

இதற்குக் காரணம் மூளையிலேயே இருக்கிறது. 1990களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் சுரக்கும் செல்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் சாறு வந்தபோது செல்கள் துள்ளின. விளக்கு எரிந்ததும் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துள்ளல் விளக்குக்கு இடம் மாறியது. சாறு வாயில் விழும்போது செல்கள் சும்மா இருந்தன. தெரிந்து வருகிற பரிசு மூளைக்குப் பரிசாகத் தோன்றுவதில்லை. நாற்பதாவது நாள் கிடைக்கும் பதக்கம் அந்தக் குரங்கின் பழச்சாறுதான். இங்கேதான் சிக்கல். அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்தால்தான் சாகசம். அடுத்து என்ன என்று யோசிக்காமல் செய்தால்தான் பழக்கம். ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். பழக்கத்தையே சாகசமாக்குவோம் என்று பேசுகிறவர்கள் இந்த முரணைப் பார்ப்பதே இல்லை.

முரணை அவிழ்க்க ஒரு வழி உண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆலிசன் பிலிப்ஸ், பெஞ்சமின் கார்ட்னர் என்ற இரு உளவியலாளர்கள் 2016இல் உடற்பயிற்சிப் பழக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பயிற்சியில் இறங்குவது பழகிப்போயிருப்பது ஒன்று. இறங்கிய பிறகு தினமும் ஒரே மாதிரி செய்வது இன்னொன்று. ஒருவர் எத்தனை முறை பயிற்சி செய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவியது முதலாவது மட்டுமே. உள்ளே போய் என்ன செய்கிறார் என்பது பழகியிருக்கிறதா, மாறுகிறதா என்பது அந்தக் கணக்கைத் தொடவில்லை. நரம்பியலாளர் ஆன் கிரேபீலின் குழு 1999இல் எலிகளிடம் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. பழகிய பாதையில் ஓடும் எலியின் மூளையில், பழக்கத்தோடு தொடர்புள்ள பகுதி தொடக்கத்திலும் முடிவிலும் உரக்கத் துடித்தது, நடுவில் அடங்கியிருந்தது. பழக்கத்துக்கு வேண்டியது உறுதியான வாசற்படி. உள்ளே நடப்பது எப்படியும் இருக்கலாம்.

கோலம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நேரம் மாறாது, இடம் மாறாது, பெருக்கித் தண்ணீர் தெளிக்கும் வரிசை மாறாது. மாறுவது கோலம். கோல நோட்டில் ‘15 புள்ளி, ஊடு புள்ளி 8 வரை’ என்று ஒரு வரி எழுதியிருக்கும். நடு வரிசையில் 15, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8 வரை; கூட்டிப் பார்த்தால் 169 புள்ளிகள். அதே 169 புள்ளிகளில் தாமரையும் விரியும், தேரும் எழும், மயிலும் ஆடும். சிக்குக் கோலம் என்றால் இன்னும் நெருக்கடி: இழை எந்தப் புள்ளியையும் விடாமல் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு வளைவு தப்பினால் தெருவுக்கே தெரியும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இலேயே கோலங்களைக் கணினி இலக்கணத்தின் வழியாக ஆராய்ந்து எழுதினார்கள். சின்ன விதிகள் சிலவற்றிலிருந்து எண்ணற்ற வடிவங்கள் பிறப்பது கணினி அறிவியலுக்கு அன்று சுவையான விஷயம். கோலம் போடும் கைக்கு அது எப்போதுமே அப்படித்தான். மார்கழி வந்தால் ஆட்டம் சூடுபிடிக்கும். ரமணர் 1879இல் ஒரு மார்கழித் திருவாதிரையில் பிறந்த திருச்சுழியிலும் சரி, நெசவுத் தறிகளின் அருப்புக்கோட்டையிலும் சரி, அந்த மாதம் முழுக்கக் கோலத்தின் அகலம் தெருவை மறிக்கும்; சாணி உருண்டையில் பூசணிப்பூ உட்காரும்; எதிர்வீட்டுக் கோலத்தை ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் மாவுக் கிண்ணத்தைக் கையில் எடுப்பார்கள். பொங்கல் கழிந்ததும் கோலம் சுருங்கும். வாசல் தெளிப்பது மட்டும் நிற்பதில்லை.

இதில் செயலிகள் செய்யத் துணியாத ஒன்றும் இருக்கிறது. நேற்றைய கோலம் இன்று இருக்காது. விடாமல் எத்தனை நாள் என்ற கணக்கு வாசலில் இல்லை. சாவு வீட்டில் கோலம் நின்றுபோகும். நாள் கழிந்ததும் எந்த அபராதமும் இல்லாமல் மறுபடி தொடங்கும். செயலியிலோ 80 நாள் சேர்த்த எண் ஒரு காய்ச்சலில் பூஜ்யமாகும், கூடவே ஆளும் விட்டுவிடுவார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு இங்கே உதவும். ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழகப் பாதிப்பேருக்கு 66 நாட்கள்வரை பிடித்தது. மதிப்பீட்டில் குறைந்தது 18, அதிகம் 254. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. (21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்பது, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து உருண்டு திரண்டு வந்த கதை.) அழிந்துபோவதுதான் கோலத்தின் பலம் என்று இதனால் எனக்குத் தோன்றுகிறது.

கோலம் பெண்கள் மேல் சுமத்தப்பட்ட கடமை, அதைப் போய் விளையாட்டு என்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாசல் வெறுமையாகக் கிடந்தால் மாமியார் கேட்பார், தெரு கேட்கும். வேண்டாம் என்று விலக முடியாத ஆட்டத்தை முழுமையான விளையாட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டாயம் விளக்குவது ஏதோ ஒரு கோலம் விழுவதை மட்டுமே. இரண்டு இழையில் முடித்துவிட்டுப் போகக்கூடிய இடத்தில் 169 புள்ளிகளோடு மல்லுக்கட்டுவதை அது விளக்காது. கட்டாயம் மட்டும் எஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது: கடையில் விற்கும் ஸ்டிக்கர் கோலம். ஒருமுறை ஒட்டிவிட்டால் கடமை தீர்ந்தது. ஆட்டத்தை எடுத்துவிட்ட பழக்கம் அந்த ஸ்டிக்கராகத்தான் முடிகிறது.

பரிசு இல்லாமல் யார் தொடங்குவார்கள் என்பது அடுத்த கேள்வி. 1973இல் மார்க் லெப்பரும் உடனிருந்த ஆய்வாளர்களும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து அந்தப் பிள்ளைகள் பேனாவைத் தொட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதி. முன்னறிவிப்பின்றிச் சான்றிதழ் பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. பொங்கலுக்கு நடக்கும் கோலப் போட்டியின் எவர்சில்வர் குடம் தினசரிக் கோலத்தைக் கெடுக்காததும் இதனால்தான் என்பேன். வருஷத்துக்கு ஒருமுறை வருவது, யாருக்கு என்று தெரியாதது. கெடுப்பது தினக்கூலிபோல வரும் பரிசு. தொடங்குகிறவருக்கு உண்மையில் வேண்டியது, தான் நிற்கும் இடத்திலிருந்தே ஆட ஒரு கட்டம். 2022இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. மல்லிகைத் தோட்டம் உள்ள ஊரில் இந்தப் பெயர்கள் உடனே பிடிபடும். சந்தையில் விலை மொட்டுக்குத்தான், மலர்ந்தால் போச்சு என்று பிள்ளைகள் சிரிக்கவும் கூடும். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கே இப்படி ஓர் ஆட்டம் வாய்த்தது. 2018இல் நிதி ஆயோக், முன்னேற விழையும் மாவட்டங்களில் விருதுநகரையும் சேர்த்து, எங்கே நிற்கிறாய் என்பதைவிட எவ்வளவு நகர்ந்தாய் என்பதைப் பார்த்து வரிசை போட்டது. அந்த ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரையிலான கணக்கில் விருதுநகர் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. பின்தங்கிய இடத்திலிருந்து தொடங்கியவருக்கும் வெல்ல வழி வைத்த விதி அது.

இனி நடைப்பயிற்சிக்கு வருவோம். சர்க்கரை என்று சொல்லி டாக்டர் நடக்கச் சொன்னால், இந்தப் பக்கத்து ஆண்களில் பலர் புது ஷூ வாங்கி, கைபேசியில் காலடி எண்ணும் செயலியை இறக்கி, மூன்றாம் வாரம் இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். பூட்டிவைக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, புறப்பாட்டை: காலைக் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் செருப்பில் கால். பிறகு ஒருநாள் பாளையம்பட்டிப் பக்கம், ஒருநாள் கண்மாய்க் கரை, ஒருநாள் போகாத சந்து ஒன்று. முதல் அடியை வாசலில்தான் வைத்தாக வேண்டும். ஈரம் காயாத கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து இறங்குவதற்கு மட்டும் அவர்களுக்கு எந்தச் செயலியும் தேவைப்பட்டதில்லை.